லஸ் முனையில் நின்ற டிராம்

ஸ்ரீரங்கன் ஒருமுறை சிரித்த சிரிப்பில் லஸ் முனையில் டிராம் வண்டி நின்றுபோய்விட்டது. ஒரு வண்டி அல்ல, இரண்டு. போகிறது ஒன்று, வருகிறது ஒன்று.

இதைச் சொன்னவர் குதிரை ஜட்கா ஓட்டும் ஷரஃபுதீன். சொன்ன சமயத்தில் ஸ்ரீரங்கன் கூடத்தில் தெற்கே தலைவைத்துத் தர்ப்பையின்மேல் படுத்திருந்தார். விடியற்காலையில் காபிக்கு எழுப்பப்போன மருமகள் ஜானு, தொட்ட கையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அவ்வளவுதான், ஆர்ப்பாட்டமில்லாத சாவு. கேட்டுக்கொண்டிருந்தவன் ஒரே பிள்ளை ஸ்ரீனிவாசராகவன். பாடைக்கு வந்த பச்சை மூங்கிலை முழங்காலுக்கடியில் அழுத்திப் பிடித்துக் கயிறு சுற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். கயிறு மூன்றாம் தடவையாக வழுக்கிற்று.

"சாயபு, நீர் ஆம் மாறி வந்துட்டீர்," என்றான் தலையைத் தூக்காமல். "எங்கப்பா சிரிக்கிற ஜாதியே இல்லை."

"ஊடு மாறல சாமி. சித்திரக்கொளத்தாண்ட ஊடு, கம்பெனில ஹெட் கிளார்க்கா இருந்து ரிட்டேர் ஆனவரு, சோத்தாங்கைப் பக்கம் காதுல மச்சம். அவரேதான். அல்லாமேல ஆணையா டிராம் நின்னுச்சு."

மச்சம் சரிதான். மற்றது எதுவும் நம்பக்கூடியதாக இல்லை.

ஸ்ரீரங்கன் சிரித்துப் பார்த்தவர் மயிலாப்பூரில் கிடையாது. கல்யாண போட்டோவில்கூட, யாரோ காலை மிதித்துக்கொண்டிருக்கிற மாதிரிதான் நிற்பார். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தால் தெருநாய் எழுந்து அடுத்த தெருவுக்குக் குடிபோய்விடும். அவர் முகத்தில் சிரிப்பைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டுமானால் சர்வே டிபார்ட்மெண்டிலிருந்து சங்கிலியோடு ஆள் வந்து அளந்தால்தான் உண்டு.

காரணம் ஒரு நாற்காலி. பாரி முனையில் இருக்கும் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் சூப்பரின்டெண்டெண்டுக்கென்று போட்டிருந்த, சாய்மானத்தில் தோல் தைத்த நாற்காலி. அதற்குப் பக்கத்து மேஜையில் ஒரு வாழ்நாளைக் கழித்தார் ஸ்ரீரங்கன். நாற்காலி இரண்டு தடவை காலியாயிற்று. இரண்டு தடவையும் வேறு யாரோ வந்து உட்கார்ந்தார்கள். ரிடையர் ஆனபிறகும் ராத்திரிச் சாப்பாட்டில் ரசம் வந்தவுடன் நாற்காலியும் வந்துவிடும். மோர் சாதம் வரைக்கும் போகாது. போன ஐப்பசியில்தான் அந்தப் பேச்சு ஒரேயடியாக நின்றது. அதற்குள் ராகவன் அதே கம்பெனியில், அதே மேஜையில், அதே நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்பா விட்ட இடத்திலிருந்து பிள்ளை பிடித்துக்கொண்டான்.

"ராகவா, எப்போ எடுக்கறதா உத்தேசம்?" என்று எதிராத்து தேசிகாச்சாரி வந்து நின்றார். காலையிலிருந்து இது நாலாவது விசாரிப்பு. முதல் தடவை துக்கத்தோடு கேட்டார். இப்போது குரலில் பசி மட்டும்தான் இருந்தது.

"ஆபீஸ்லேர்ந்து வரணும் மாமா. துரையே வரதா சொல்லியிருக்கா."

"வரட்டும், வரட்டும். அதுக்கில்லை. தெருவில ஒருத்தரும் அடுப்புப் பத்தவைக்கலை. கோடியில பெருமாளுக்கே தளிகை நிக்கறது. அவர் பெருமாள், தாங்குவார். நான் காபி குடிக்காம இந்த நாழி வரைக்கும் இருந்ததே கிடையாதுடா. காது அடைக்கிறது."

தெருவில் பிரேதம் கிடக்கிறவரை யார் வீட்டிலும் அடுப்பெரியாது. கோயிலிலும் மணி அடிக்காது. ராகவனுக்கு இது தெரியாமலில்லை. ஒவ்வொரு ஜன்னலுக்குப் பின்னாலும் ஒரு காலி டபரா தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல் அவனுக்கு இருந்தது. ஆனால் துரை வந்தாக வேண்டும். வந்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, கூடத்தில் அப்பாவின் கால்மாட்டில் நிற்க வேண்டும். தெரு பார்க்க வேண்டும். அப்பாவுக்குச் செய்ய மிச்சமிருப்பது அது ஒன்றுதான் என்று அவன் முடிவு கட்டியிருந்தான். ஆபீஸ் திறக்கிற வேளைக்கு லஸ்ஸில் மருந்துக் கடைக்கு ஓடி, கெஞ்சி, டெலிபோனில் சொல்லியிருந்தான். அந்தப் பக்கம் பேசினவர், "துரைகிட்ட சொல்றோம், அவசியம் வருவா," என்று சொல்லியிருந்தார்.

தெருமுனையில் குதிரை கனைத்தது. எட்டிப் பார்த்தான். ஐந்தாறு ஜட்காக்கள், சந்துக்கு மூடி போட்டதுபோல் நெருக்கியடித்து நின்றன. வண்டிக்காரர்கள் கீழே இறங்கிக் கைகட்டி நின்றிருந்தார்கள்.

"அதெல்லாம் யாரு?"

"நம்ம ஆளுங்கதான் சாமி. பால்காரன் சொன்னான், சவாரிய வுட்டுட்டு வந்துட்டானுங்க."

"சாயபு, துரை மோட்டார்ல வருவார். சந்தே ஒரு வண்டி அகலந்தான். இதுகளை நிறுத்தினா கார் எப்படித் திரும்பும்? போகச் சொல்லும்."

ஷரஃபுதீன் அவனைப் பார்த்தார். பிறகு தெருமுனைக்குப் போய் ஏதோ சொன்னார். வண்டிகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கிக் குளத்தங்கரையோரம் வரிசை கட்டின. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. சாபம் கொடுத்திருந்தால்கூட ராகவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ஷரஃபுதீன் திரும்ப வந்து, கேட்காமலே மூங்கிலின் மறுமுனைக்கு எதிரே, தொடாத தூரத்தில் குந்தினார்.

"ரிட்டேர் ஆன அன்னிக்கு என் வண்டிலதான் வந்தாரு. களுத்துல ரோசாப்பூ மாலை. ஏறுனதும் களட்டிப் பக்கத்துல வெச்சாரு. நான் மவுண்ட் ரோடுல தண்ணி காட்ட நிறுத்துறேன், திரும்பிப் பாக்குறேன், மாலைய இவரே குல்ஷன் வாயாண்ட நீட்டிக்கினு கீறாரு. குல்ஷன்னா என் குதிரை. நாரோட துன்னுடுச்சு. 'இன்னா சாமி இப்பிடி பண்ட்டே'ன்னேன். 'எனக்குத்தான் ருசிக்கலை, அதுக்காவது ருசிக்கட்டும்'னாரு. மறுநாள் மத்தியானம் கொட்டாய்க்கு வந்து, 'அந்த மாலை ஒத்துண்டுதா, வயத்தை வலிச்சுதா'ன்னு கேட்டாரு. அன்னிலேந்து ஒரு நாள் தவறுனதில்ல."

"எங்க வந்தார்?"

"மீர்சாயபுப் பேட்டை லாயத்துக்கு. குதிரைக் கொட்டாய்க்கு."

ராகவன் கயிற்றைக் கீழே போட்டான். "மத்தியானத்துல அவர் காலட்சேபம் கேக்கப் போவார் சாயபு. சாயங்காலம் திரும்பி வந்தா கிணத்தடியில தலைக்கு ஜலம் விட்டுண்டு, துணியை நனைச்சுப் போட்டுட்டுத்தான் உள்ளயே வருவார். எங்க ஆசாரம் என்னன்னு தெரியுமா உமக்கு?"

அந்த ஆசாரம் தெருவில் பிரசித்தம். போன மழைக்காலத்தில் ஜுரத்தோடு வந்து கிணற்றில் பதினைந்து வாளி இறைத்து விட்டுக்கொண்டார். ராகவன் தானே நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறான்: "வயசாக ஆக அப்பாவுக்கு மடி ஏறிண்டே போறது. வெளிக்காத்து பட்டாக்கூட ஸ்நானந்தான்." தேசிகாச்சாரியின் சம்சாரம் அதைக் கேட்டு, தன் புருஷனையும் அதேபோல் குளிக்கச் சொல்லி, அவருக்கு நெஞ்சில் கபம் கட்டிற்று.

"குளிக்காம எப்பிடி உள்ள வருவாரு?" என்றார் ஷரஃபுதீன் சாதாரணமாக. "குதிரை நாத்தம் லேசுல போவுமா."

ராகவன் வாயைத் திறந்தான். பதில், அவனுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"கொள்ளு," என்றாள் அவன் அம்மா சூடாமணி.

ரேழிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து அவள் பேசின முதல் வார்த்தை.

"என்னம்மா?"

"தினம் ராத்திரி ஒரு படி கொள்ளு ஊறப்போடச் சொல்லுவாரே."

"வாயுப்பிடிப்புக்கு. வைத்தியர் சொன்னார்னு..."

"ஒரு படிக் கொள்ளை ஒரு மனுஷன் தின்னுட்டு உயிரோட இருப்பானாடா? ரேஷன்ல அரிசிக்கே அல்லாடறச்சே எங்கிருந்தோ கொள்ளு மட்டும் வந்துண்டே இருந்தது. வேஷ்டியை நான்தானே தோய்க்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி செம்மயிர். நம்மாத்தில யாருக்குச் செம்பட்டை?"

"தெரிஞ்சுமா பேசாம இருந்தே?"

"அவர் சொல்லலை. நான் கேக்கலை," என்றாள்.

ராகவனுக்குக் காதோரம் சுட்டது. அப்பாவின் மேல் கோபமா, அம்மாவின் மேலா, ஊர் முழுக்க மடி மகாத்மியம் பாடின தன்மேலா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. உள்ளே காரியம் பண்ணிவைக்க வந்த வாத்தியார் பொறுமையிழந்து செம்பை நகர்த்துகிற சத்தம் கேட்டது. "ராகவன், சூரியன் உச்சிக்கு வந்தாச்சு. துரைக்கும் யமனுக்கும் நடுவில நான் எத்தனை நாழி உட்காரறது?"

கொள்ளு என்றதும் அவனுக்கு வேறொன்றும் ஞாபகம் வந்தது. போன ஐப்பசியில், தீபாவளிக்கு முதல் நாள், நாற்காலி மூன்றாவது தடவை காலியாகி, பட்டியலில் முதலில் இருந்த ராகவனைத் தாண்டி வேறொருவனுக்குப் போயிற்று. நெஞ்சு கொதிக்க வீட்டுக்கு வந்தான். அப்பாவுக்குத்தான் இது புரியும், அப்பா ஒருத்தர்தான் தன்னோடு சேர்ந்து வயிறு எரிவார் என்று காத்திருந்தான். அப்பா நேரம் கழித்து வந்து, குளித்துவிட்டு, இலையில் உட்கார்ந்தார். அவன் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "இன்னிக்குக் கொள்ளு கூடக் கொஞ்சம் ஊறப்போடேன்," என்றார். அவ்வளவுதான். ராகவன் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான். அதற்குப்பின் தேவைக்கு மேல் அவரிடம் ஒரு சொல் பேசினதில்லை. அவர் பேச வந்த ஒன்றிரண்டு தடவையும் இவன் பேப்பரைப் பிரித்துக்கொண்டான்.

சைக்கிள் மணி அடித்தது. கம்பெனி பியூன் கன்னியப்பன்.

ராகவன் வேஷ்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தான். எதிர் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. தேசிகாச்சாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"துரை பின்னால வராரா?"

கன்னியப்பன் சைக்கிளைவிட்டு இறங்கவில்லை. ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டான். உள்ளே கிடப்பவரைப் பார்த்துச் சட்டென்று ஒரு கும்பிடு போட்டான். பிறகு, "ரிக்கார்டு ரூம் சாவி உங்ககிட்ட இருக்காமே சார். துரை கையோட வாங்கியாரச் சொன்னாரு," என்றான்.

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லலீங்க. மத்தியானம் தபால் போவணுமாம். ரொம்பக் கோவமா கீறாரு."

"எதுக்குக் கோவம்?"

"சாவிய ஊட்டுக்கு எடுத்துக்கினு போனதுக்கு."

ராகவன் உள்ளே போனான். ஆணியில் மாட்டியிருந்த கோட்டுப் பையில் துழாவிச் சாவியை எடுத்துவந்தான். அது கன்னியப்பன் கையில் விழுந்த சத்தம் ஒரு சின்னக் கிணுகிணுப்புத்தான். ஆனால் தெருவே கேட்டது என்று தேசிகாச்சாரி பிற்பாடு பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். சைக்கிள் திரும்பிப் போயிற்று. திரும்புவதற்குச் சந்தில் வேண்டிய மட்டும் இடம் இருந்தது.

தேசிகாச்சாரிகூடக் கேட்கவந்ததைக் கேட்காமல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

ராகவன் மறுபடி உட்கார்ந்து கயிற்றை எடுத்தான். இழுத்த இழுப்பில் அது அறுந்தது. அறுந்த துண்டை வீசி எறிந்தான். "ஒரு வேலை உருப்படியா நடக்கறதா இந்த ஆத்துல," என்றான் யாரையும் பார்க்காமல்.

ஷரஃபுதீன் எழுந்து போய், வண்டியிலிருந்து ஒரு சுருள் கயிறு கொண்டுவந்து, அவனுக்கு எட்டுகிற தூரத்தில் தரையில் வைத்தார். "புதுசு சாமி. இன்னும் குதிரைக்குப் போடல."

ராகவன் எடுத்துக்கொண்டான். இந்தக் கயிறு வழுக்கவில்லை.

"எதுக்குச் சிரிச்சார்?" என்று கேட்டாள் சூடாமணி.

ஷரஃபுதீன் தெருவிலேயே நின்றபடி, அவள் முகத்தைப் பார்க்காமல் நிலைப்படியைப் பார்த்துச் சொன்னார்.

"குல்ஷனுக்கு வவுறு கட்டிக்கிச்சு மா. குதிரைக்கு வவுறு கட்டுனா படுக்கவுடக் கூடாது. படுத்தா பொரளும், பொரண்டா கொடலு முறுக்கிக்கும், அதோட போச்சு. நடத்திக்கினே கெடக்கணும், சாணி போடுற வரிக்கும். நாங்க எல்லாம் மாத்தி மாத்தி நடத்துனோம். சாயங்காலம் ஆயிடுச்சு, எங்களுக்குக் காலு உளுந்துபோச்சு. இவரு கவுத்த வாங்கிக்கினாரு. கோயில் கொளத்த சுத்தி, மாட வீதி, லஸ்ஸு, திரும்பக் கொளம். காதுல இன்னாவோ சொல்லிக்கினே போறாரு. மந்திரம் ஓதறாருன்னு நெனச்சேன். கிட்டப் போயிக் கேட்டா, ஆபீஸுல ஏதோ நாக்காலியாமே. அது இவருக்கு எப்பிடி கெடைக்கல, யார் யார் கெடுத்தான், துரை இன்னா சொன்னாரு, எல்லாத்தையும் மொதல்லேந்து குதிரைக்குச் சொல்லிக்கினு கீறாரு."

ஜானு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"லஸ் முனையில டிராம் ரோட்டைத் தாண்டுறோம். கத முடியுது. 'கடைசில எனக்கு என்னதான் குடுத்தான் தெரியுமா'ன்னு அது காதுல கேட்டாரு. குல்ஷன் நின்னுச்சு. ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல கால அகட்டி நின்னு, வாலத் தூக்கி, போட்டுச்சு மா. ஒரு கூடை. ரெண்டு கூடை. டிராமு டங்கு டங்குன்னு மணியடிச்சுக்கினு வருது, இது போட்டுக்கினே கீது. இவரு அத்தப் பாத்தாரு. குதிரை மூஞ்சியப் பாத்தாரு. அப்புறம் சிரிச்சாரு. நிக்கமுடில, அப்பிடியே தண்டவாளத்துமேல குந்திக்கினு, வவுத்தப் புடிச்சுக்கினு. அந்தப் பக்கம் வந்த டிராமும் நின்னுபோச்சு. டிரைவரு எறங்கி வந்தான் திட்டறதுக்கு. அவனும் சிரிச்சுட்டான்."

"பிரேதம் கிடக்கற ஆத்து வாசல்ல பேசற பேச்சா இது," என்றார் தேசிகாச்சாரி. சொல்லும்போதே அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணிற்று. அவசரமாக மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சூடாமணி சிரிக்கவில்லை. பரீட்சை வைப்பவள்போல் கேட்டாள்:

"வாய் விட்டா?"

"லஸ் பூராவும் கேட்டுச்சு மா."

"போன வருஷம் கடவாய்ப்பல் ஒண்ணு எடுத்துண்டாரே. அந்த ஓட்டை தெரியற மாதிரியா?"

ஷரஃபுதீன் கொஞ்சம் யோசித்தார். "இந்தாண்ட, மேல. தெரிஞ்சுது."

அவள் தலையை ஆட்டினாள். கதவைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "எனக்குக் காமிக்கணும்னு தோணலை பாருங்கோ," என்றாள், யாருக்கென்று இல்லாமல்.

ராகவன் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தான். "என்னிக்கு இது?" என்றான்.

"தீபாவளிக்கு மொத நாளு சாமி. பொயுது சாயற நேரம். அதுக்கப்புறம் அந்த நாக்காலிப் பேச்சே கெடையாது. குல்ஷனுக்குப் பத்தியம், கொள்ளு இன்னும் நல்லா ஊறுனதா, கூடக் கொஞ்சம் வேணும்னேன். நான் கொண்டாறேன்னாரு."

முடிச்சு இறுகிவிட்டது. இருந்தாலும் ராகவன் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான்.

"எடுத்துடலாம் ஸ்வாமி," என்றான் உள்ளே பார்த்து.

அதன்பின் எல்லாம் மளமளவென்று நடந்தது. வாய்க்கரிசி போட்டார்கள். தாயாதிகள் நாலு பேர் தோள் கொடுத்தார்கள். அதில் ஒருவன் குட்டை. அவன் பக்கம் பாடை சாய்ந்தது. வைது, மாற்றி, நிமிர்த்தினார்கள். குளத்தங்கரையில் ஜட்காக்காரர்கள் தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, வண்டியை அவிழ்த்துவிட்ட வெறும் குதிரைகளைக் கையில் பிடித்து நின்றார்கள். கூட வரலாமா என்று கேட்கவில்லை. ராகவன் வரவேண்டாம் என்று சொல்லவில்லை.

வாத்தியார் அக்கினிச் சட்டியை ராகவன் கையில் கொடுத்தார். "முன்னால நடக்கணும். என்ன ஆனாலும் திரும்பிப் பாக்கப்படாது."

அவன் படியிறங்கினான். பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். அழுகைச் சத்தம் கிளம்பி அடங்கின இடைவெளியில் சூடாமணி கூப்பிட்டாள்.

"ராகவா. டிராம் நின்னதுன்னு சொல்றாரே. அவர் சிரிச்சா நிக்குமோடா? நீ நம்பறயா?"

அவன் நின்றான். பின்னால் பாடை நின்றது. அதற்கும் பின்னால் எல்லாரும் நின்றார்கள். புகை கண்ணில் ஏறியது. அவன் சட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடியே சொன்னான்:

"நின்னதும்மா. நான் அந்த வண்டியிலதான் இருந்தேன். யாரோ குடிகாரன்னு நினைச்சேன். எல்லாரும் எட்டிப் பார்த்தா. நான்தான் பார்க்கலை."